அணில் குழம்பில் ஒரு ஈயக்குண்டு

அத்தியாயம் 3

"ஐயோ, என் பல்லு போச்சே!"

லெஸ்டர் போட்ட கூச்சலில் சர்ச் முற்றத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். ரோவீனா ஸ்டிடம் மட்டும் திரும்பவில்லை. அவள் பார்வை எதிரே நின்ற ஹிக்கரி மலையை விட்டு நகரவே இல்லை. அந்த மலையில்தான் அவள் தம்பி எல்பர்ட்டை நேற்றிலிருந்து ஊரே தேடிக்கொண்டிருந்தது.

அணில் வேட்டைக்குப் போனவன். நேற்றுதான் சீசன் திறந்தது. விடிவதற்கு முன்னால் சினேகிதன் ஹர்ஷலோடு கிளம்பிப் போனான். ஹர்ஷல் திரும்பி வந்தான், எல்பர்ட் வரவில்லை. வேறு யாராவது என்றால் எங்கே போகப்போகிறான், பசித்தால் வருவான் என்று விட்டுவிடலாம். எல்பர்ட் சர்க்கரை வியாதிக்காரன். காலையும் மாலையும் இன்சுலின் ஊசி போட்டே தீரவேண்டிய உடம்பு. நேற்று மாலை ஊசி தவறிவிட்டது. இன்று காலை ஊசியும் தவறிவிட்டது. இன்று பொழுது சாய்வதற்குள் கிடைக்காவிட்டால் அப்புறம் தேடுவதில் அவசரமே இல்லை என்று டாக்டர் ஷெரீப்பிடம் கிசுகிசுத்தது ரோவீனாவின் காதிலும் விழுந்துவிட்டது. அதிலிருந்து அவளுக்கு ஒரு வாய்த் தண்ணீர்கூட இறங்கவில்லை.

கென்டக்கி மலைக்காட்டில் வருஷக்கணக்காக வேட்டைக் காவல் அதிகாரியாக இருந்தவள் அவள். இப்போது டயர் கடை மாடியில் துப்பறியும் ஆபீஸ் வைத்திருக்கிறாள். ஊரில் தொலைந்துபோன புருஷன்மார்கள் எத்தனையோ பேரைக் கண்டுபிடித்துக் கொடுத்திருக்கிறாள். அவர்களில் பாதிப் பேர் தங்களை யாரும் கண்டுபிடிக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டவர்கள். சொந்தத் தம்பி கிடைக்க மாட்டேன் என்கிறான்.

"ஆபீசரம்மா, நான் இங்க ரத்தம் சிந்திக்கிட்டிருக்கேன். கொஞ்சம் பார்க்கறீங்களா?" என்றான் லெஸ்டர். அவளுடைய உதவியாளன். அதற்கு முன்னால் பழைய கார் விற்றுக்கொண்டிருந்தவன். எந்தக் காரும் உருப்படியாக ஓடியதில்லை, வாய் மட்டும் நன்றாக ஓடும்.

"மெதுவா தின்னா என்ன?"

"மெதுவாத்தான் தின்னேன். பனி விழற வரைக்கும் அணில் கறியைத் தொட மாட்டோம், தோலுக்கடியில புழு இருக்கும்னு பாதி ஊரு தட்டைத் தள்ளிடுச்சு. எனக்கு அந்த வைராக்கியமெல்லாம் கிடையாதுன்னு ரெண்டு கரண்டி கூடவே வாங்கினேன். சாமி தண்டிச்சிட்டாரு."

குழம்பு ஊற்றிக்கொண்டிருந்த வெர்னா கரண்டியை ஓங்கினாள். ஓடையோர வீட்டுக்காரி. "என் குழம்புல குறை சொன்னே, மிச்சப் பல்லும் போயிடும். எனக்கே தலை வெடிக்குது. எங்க வீட்டுக்குப் பின்னாடி ஒரு அணில் ஓயாமக் கத்திக்கிட்டே இருக்கு. நான் கிளம்பி வர்றப்பக்கூட நிறுத்தல. நாய் வேற கூடச் சேர்ந்து ஊளையிடுது."

"சட்டியில கிடக்கறவங்களோட சொந்தக்காரனா இருப்பான். துக்கம் விசாரிக்க வந்திருக்கான், பாவம்," என்ற லெஸ்டர், வாயிலிருந்து எதையோ எடுத்து ரோவீனாவின் உள்ளங்கையில் வைத்தான். "இந்தாங்க, சாட்சிப் பொருள்."

கடுகைவிடக் கொஞ்சம் பெரியது. உருண்டை. ஈயம்.

ரோவீனா அதை விரலால் உருட்டிப் பார்த்தாள். ரவை. ஷாட்கன் தோட்டாவுக்குள் பொடிப்பொடியாக அடைத்திருப்பார்களே, அது.

"வெர்னா, இது யார் சுட்ட அணில்?"

"ஹர்ஷல் சுட்டது. நேத்து சுட்டு ஐஸ்ல வெச்சிருந்ததை அவன் பொண்டாட்டி உரிச்சுக் குடுத்தனுப்பிச்சா. தேடறவங்க வயிறாவது நிறையட்டும்னு."

ரோவீனா மேஜைக்குப் போய்க் கரண்டியைப் பிடுங்கிக்கொண்டாள். சட்டியைக் கலக்கினாள். ஒரு துண்டை எடுத்துப் பிய்த்தாள், இன்னொரு துண்டைப் பிய்த்தாள். தொடையில் ஒரு ரவை. விலாவில் இரண்டு. அடியில் தலைகள் கிடந்தன. இந்தப் பக்கத்தில் தலையையும் சேர்த்துத்தான் வேக வைப்பார்கள், மூளைக்கு அடிதடியே நடக்கும். ஆறு தலைகள். ஒன்றுகூடச் சிதையவில்லை.

"ஆபீசரம்மா, எல்லாரும் பார்க்கறாங்க. பசின்னா தட்டுல போட்டுக்கலாமே," என்றான் லெஸ்டர்.

"ஹர்ஷல் எதால அணில் சுடுவான், தெரியுமா உனக்கு?"

"ஊருக்கே தெரியுமே. அவனே டமாரம் அடிப்பான். ரைஃபிள், ஒரே தோட்டா, தலையில. ஷாட்கன்ல அணில் சுடறவன் கோழியை லாரி ஏத்திக் கொல்றவன்னு…" லெஸ்டர் பாதியில் நிறுத்தினான். சட்டியைப் பார்த்தான். "அவன் வீட்டுல மூளை வறுவலே கிடையாதுன்னு அவன் பொண்டாட்டி அழுவா. இங்க ஆறு தலையும் முழுசா கிடக்கு!"

"மெதுவாப் பேசு."

"இது அவன் சுட்டதில்ல!"

"மெதுவாப் பேசுன்னேன்ல?"

அவள் நேரே சர்ச் படிக்கட்டுக்குப் போனாள். அங்கே எல்பர்ட்டின் மனைவி ஓப்பல் உட்கார்ந்திருந்தாள். மடியில் சின்ன ஐஸ்பெட்டி. உள்ளே இன்சுலின் மருந்து. நேற்று இரவிலிருந்து அதை இறக்கி வைக்கவே இல்லை. யார் கேட்டாலும் கொடுக்கவும் இல்லை. ஐஸ் கரையக் கரைய வெர்னாதான் மாற்றிக்கொண்டிருந்தாள்.

"ஓப்பல், இங்க பாரும்மா. எல்பர்ட் எந்தத் துப்பாக்கியை எடுத்துட்டுப் போனான்?"

"ஏன் அண்ணி?"

"சொல்லு."

"ரைஃபிள் சுவத்துலதான் தொங்குது. உங்க அப்பாவோட பழைய ஷாட்கன்னைக் கொண்டுபோனாரு. என்னங்க புதுசான்னு கேட்டேன். சும்மா ஒரு மாறுதலுக்குன்னாரு." ஓப்பலின் முகம் மாறியது. "என்ன ஆச்சு அண்ணி? துப்பாக்கி கிடைச்சிடுச்சா?"

"ஒண்ணும் ஆகல."

ஒன்றும் ஆகவில்லையா! சட்டியில் கிடப்பது எல்பர்ட் சுட்ட அணில்கள். ஹர்ஷல் அவற்றைத் தன்னுடையவை என்று கொண்டுவந்திருக்கிறான். ஹிக்கரி உச்சியில் விடியும்போதே பிரிந்துவிட்டோம், அதற்கப்புறம் அவனைப் பார்க்கவே இல்லை என்று ஷெரீப்பிடம் பைபிள்மேல் கை வைத்துச் சொன்னவன். பார்க்கவே இல்லை என்றால் எல்பர்ட் சுட்ட அணில் இவன் கைக்கு எப்படி வந்தது?

லெஸ்டரும் அதையேதான் யோசித்திருப்பான். பக்கத்தில் வந்து, சிரிப்பே இல்லாத குரலில் கேட்டான். "போட்டுத் தள்ளிட்டுப் பையை எடுத்துட்டு வந்திருப்பானா?"

"வாயைக் கழுவு," என்றாள் ரோவீனா. 

ஹர்ஷல் சர்ச்சுக்குப் பின்னால் வேலியோரமாகக் குந்தியிருந்தான். இரவெல்லாம் மலையில் கத்தித் தொண்டை கட்டிப்போய், கொஞ்ச நேரம் படு என்று ஷெரீப்பே கீழே அனுப்பியிருந்தார். படுக்கவில்லை. கொடுத்த சாப்பாட்டைத் தொடவும் இல்லை.

"இன்னொரு தடவை சொல்லு ஹர்ஷல். நேத்து என்ன நடந்தது?"

"எத்தனை தடவைக்கா சொல்றது? விடியறதுக்கு முன்னாடி ஏறினோம். உச்சியில பிரிஞ்சோம். ஆகஸ்ட்ல அணில் பூரா ஹிக்கரி மரத்துக் கொட்டைக்குத்தானே வரும்? கடிச்சுப் போடற தோல் மழை மாதிரி விழுந்துச்சு. சத்தத்தை வெச்சே ஆறு சுட்டேன். வெயில் ஏறினதும் இறங்கிட்டேன். அவன் இறங்கல."

"அழகாச் சொல்றே. உன் ரைஃபிள் எப்பலேர்ந்து ரவை துப்புது?"

அவள் உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். ஹர்ஷல் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். அவன் முகத்தில் ரத்தமே இல்லை.

"எங்கடா என் தம்பி?" ரோவீனா அவன் சட்டையைப் பிடித்துத் தூக்கினாள். அவளைவிட ஒரு முழம் உயரமானவன், துணி மாதிரித் தொங்கினான். "என்ன பண்ணே அவனை?"

"நான் ஒண்ணும் பண்ணலக்கா! நான் ஒண்ணுமே பண்ணல. அதுதான்… அதுதான் நான் பண்ணது." அவன் அழ ஆரம்பித்தான். "நான் மலைக்கே போகலக்கா."

"என்ன உளறறே?"

"குடிச்சிட்டேன். முந்தின ராத்திரி ஒருத்தன் ஒரு ஜாடி சாராயம் குடுத்தான். ஒரு வாய்தான்னு ஆரம்பிச்சேன். கணவாய்ல வண்டியை நிறுத்தினதும் எல்பர்ட் இறங்கினான், நான் இறங்க முடியல. நீ போ, பின்னாடியே வர்றேன்னேன். அப்படியே தூங்கிட்டேன். பொழுது சாயறப்பத்தான் முழிச்சேன். ஐஸ்பெட்டியில ஆறு அணில் இருந்தது. அவன் சாப்பாட்டு டப்பா காலியா இருந்தது. என் மூஞ்சியில வெயில் படக்கூடாதுன்னு அவன் தொப்பியை எடுத்து என் முகத்துல கவுத்துட்டுப் போயிருக்கான்."

 வேலிக்கு அந்தப் பக்கம் குழந்தைகள் ஓடிப் பிடித்து விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

"வசந்தத்துலதான் ஆத்துல முக்கி எனக்கு ஞானஸ்நானம் குடுத்தாங்க," என்றான் ஹர்ஷல். "இனித் தொட மாட்டேன்னு ஊர் முன்னாடி சத்தியம் பண்ணேன். சர்க்கரைக்காரன், காட்டுல தனியா விடாதீங்கன்னு ஓப்பல் கையைப் பிடிச்சுக் கேட்டப்போ விடமாட்டேன்னு அதுக்கும் சத்தியம் பண்ணேன். எப்படிக்கா சொல்லுவேன்? நான் கூட இருந்தேன்னு சொல்லிட்டா யாருக்கு என்ன நஷ்டம்னு நெனச்சேன். இடம் அதே இடந்தானே? தேட விட்ட நாய்கூட அவன் வாசனையைப் பிடிச்சு நேரா ஹிக்கரி உச்சிக்குத்தானே போச்சு?"

"அது காலையில போன வாசனைடா பாவி!"

அவள் போட்ட கத்தலில் லெஸ்டரே பின்வாங்கினான்.

"காலையில போனான், ஆறு சுட்டான், இறங்கி வந்து சாப்பிட்டான். உச்சி வெயில்ல அணில் வெளியில வராது, கொம்புல கவுந்து படுத்துக்கும். அதனால அவனும் உன் பக்கத்துல உக்காந்து வெயில் தாழட்டும்னு காத்திருந்திருப்பான். அப்புறம் மறுபடி போயிருக்கான். சாயங்காலம் எங்க போனான்?"

"கொட்டை அங்கதானேக்கா இருக்கு. அங்கதான்…"

"இந்த வருஷம் மழையே இல்ல. பாறையெல்லாம் காஞ்சு கிடக்கு. காலையில கொட்டைக்கு மேல ஏறுற அணில் சாயங்காலம் எதுக்கு வரும்?"

ஹர்ஷல் வாயைத் திறந்தான். தலையில் அடித்துக்கொண்டான். "தண்ணிக்கு."

"தண்ணிக்கு! அக்டோபர்னா பரவாயில்ல, ஓக் மரத்தடியில நாள் பூரா மேயும். இலை உதிர்ந்து பனி விழுந்துட்டா நடுப்பகல்லகூட வெளியில சுத்தும். இது ஆகஸ்ட். கணவாய்க்கு இந்தப் பக்கம் ஹிக்கரி மலை, அந்தப் பக்கம் பீச் மரத்து ஓடை. அவன் அந்தப் பக்கம் இறங்கியிருக்கான். ஊர் பூரா இந்தப் பக்கம் தேடுது. ஒரு ராத்திரி முழுக்க! உன் மானத்துக்காக!"

ஹர்ஷல் முழங்காலில் விழுந்தான். அவனை உதைக்க வேண்டும் போலத்தான் இருந்தது. அதற்குக்கூட நேரமில்லை.

மலைமேல் இருக்கும் ஷெரீப்பிடம் சொல்ல ஓர் ஆள் ஓடினான். அவர்கள் இறங்கி, கணவாய் தாண்டி, ஓடைக்கு வருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். ரோவீனா காத்திருக்கவில்லை. ஜீப்பில் ஏறியபோது ஓப்பல் ஐஸ்பெட்டியோடு முன் சீட்டில் உட்கார்ந்திருந்தாள். யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை. ஹர்ஷல் பின்னால் தொற்றிக்கொண்டான். ஓப்பல் அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கணவாயில் வண்டியை நிறுத்திவிட்டு ஓடைச் சரிவில் இறங்கினார்கள். பீச் மரங்கள் இலையும் கிளையுமாக அடைத்துக்கொண்டிருந்தன. ஆகஸ்ட் காட்டில் எதிரில் நிற்கும் மாட்டைக்கூடப் பார்க்க முடியாது. எல்பர்ட், எல்பர்ட் என்று தொண்டை கிழியக் கத்தினார்கள். காடு சும்மா இருந்தது. ஓடை இங்கிருந்து வளைந்து வளைந்து பல மைல் போகிறது, இரண்டு பக்கமும் கிளைப் பள்ளங்கள். எந்தப் பள்ளத்தில் என்று தேடுவது?

"மூணு தடவை சுட்டா உதவிக்கு வாங்கன்னு அர்த்தம்தானே?" என்றான் லெஸ்டர் மூச்சிரைக்க. "அவரு சுட்டிருக்கலாமே?"

"சுட்டிருப்பான். நேத்து சீசன் திறந்த நாள். இருட்டற வரைக்கும் மலை பூரா டுமீல் டுமீல்னு வெடிச்சுக்கிட்டே இருந்துச்சு. எவன் காதுல மூணு விழும், எவன் காதுல முப்பது விழும்?"

அவள் ஒரு பாறைமேல் உட்கார்ந்துவிட்டாள். மனசுக்குள் ஏதோ ஒன்று இடித்துக்கொண்டே இருந்தது. ஓடையில் வழி தவறினால் என்ன செய்ய வேண்டும் என்று இந்த ஊரில் பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரியும். தண்ணீர் ஓடும் பக்கம் நடந்தால் ரோடு வந்துவிடும். எல்பர்ட் இந்த ஓடையில் பிறந்து வளர்ந்தவன் மாதிரி. ஏன் நடந்து வரவில்லை? ராத்திரியெல்லாம் மலை உச்சியில் நெருப்பு மூட்டி வைத்திருந்தார்களே, அது இந்தப் பக்கத்திலிருந்தும் தெரியும். அதைப் பார்த்தாவது வந்திருக்கலாமே?

கால் உடைந்திருக்கும். அல்லது மயங்கியிருப்பான். அல்லது… அதற்குமேல் நினைக்க அவளுக்குத் தைரியமில்லை.

"ஏன் ஷாட்கன்?" என்று கேட்டாள், யாரையும் பார்க்காமல்.

"என்ன அண்ணி?"

"சின்ன வயசுலேர்ந்து ரைஃபிள்தான். எனக்குத் தெரிஞ்சு வேற எதையும் தொட்டதில்ல. ரைஃபிள்ல குறி பாக்கணும்னா கண்ணு வேணும். ஷாட்கன்னுக்குச் சத்தம் வந்த திசை போதும். ஓப்பல், அவனுக்குக் கண்ணு எப்படி இருக்கு?"

 ஓப்பல் ஐஸ்பெட்டியின் மூடியைத் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு உடைந்துபோனாள்.

"பேப்பர் படிக்கறதை நிறுத்திட்டாரு அண்ணி. கண்ணாடி தொலைஞ்சிடுச்சின்னாரு. கண்ணாடி அலமாரியிலயே இருந்துச்சு. போன வாரம் ராத்திரி வாசல்ல நின்னு, லைட்டைப் போட மாட்டியான்னு கேட்டாரு. லைட்டு எரிஞ்சுக்கிட்டுத்தான் இருந்துச்சு. டாக்டர்கிட்ட போலாம்னா, போனா ஸ்கூல் பஸ் ஓட்டற லைசன்சைப் பிடுங்கிடுவாங்கன்னு என் வாயைப் பொத்திட்டாரு. யாருகிட்டயும் சொல்லாதேன்னாரு. உங்ககிட்ட முக்கியமா சொல்லாதேன்னாரு."

சர்க்கரை கண்ணுக்குப் போய்விட்டது. ராத்திரியெல்லாம் உச்சியில் மூட்டிய நெருப்பு! மரத்துக்கு மரம் கட்டிய வெள்ளைத் துணி! எல்லாம் கண் உள்ளவனுக்கு. ரோவீனாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இத்தனை பேர் முட்டாள்தனமாக இத்தனை பாடுபட்டிருக்கிறோமே என்று கத்த வேண்டும் போலிருந்தது.

"அப்ப அவரு நகர்ந்திருக்க மாட்டாரு. எங்கயோ ஒரே இடத்துலதான் இருக்காரு," என்றான் லெஸ்டர். நல்லது சொல்ல நினைத்தான் பாவம்.  அவனுக்கு மௌனம் தாங்காது. தொப்பியால் விசிறிக்கொண்டே மேலே பார்த்தான். "என்ன காடுங்க இது, செத்துப்போச்சு. ஒரு குருவி இல்ல, ஒரு அணில் சத்தம் இல்ல. வெர்னாம்மா வீட்டு அணிலையாவது வாடகைக்குக் கொண்டுவந்து விடலாம். அது ஒண்ணுதான் இந்த வெயில்லயும்…"

"என்ன சொன்னே?"

"இல்ல, சும்மா… வாய் கொழுப்பு. மன்னிச்சுக்குங்க."

"திருப்பிச் சொல்லு!"

"வெர்னாம்மா வீட்டு அணில். இந்த வெயில்லயும் கத்துதுன்னு…"

ரோவீனா எழுந்துவிட்டாள். முழங்கால் வலி, மூச்சிரைப்பு எல்லாம் எங்கே போயிற்றோ.

"இந்த வெயில்ல எந்த அணில்டா கத்தும்? பாம்பைப் பார்த்தா கொஞ்ச நேரம் கத்தும், பருந்தைப் பார்த்தா கத்தும். ஓயாமக் கத்துமா? ஏறு! எல்லாரும் வண்டியில ஏறுங்க!"

"அணிலைப் பிடிக்கவா?"

"சின்னப் புள்ளையில நானும் அவனும் ரெண்டு காசை எடுத்து ஒண்ணோட விளிம்பால இன்னொண்ணைத் தட்டுவோம். அசல் அணில் கத்தற மாதிரியே இருக்கும். நான் தட்டினா அணில் ஓடிப்போயிடும். அவன் தட்டினா கீழயே இறங்கி வந்துடும். குரல் போனவன் வேற எதால கூப்பிடுவான் லெஸ்டர்?"

லெஸ்டர் முதல் தடவையாகப் பதில் சொல்லாமல் ஓடினான்.

ரோட்டைச் சுற்றி ஓடையின் கீழ்க்கோடிக்குப் போக வேண்டும். ரோவீனா ஓட்டிய ஓட்டத்தில் ஜீப் இரண்டு தடவை பள்ளத்தில் இறங்கி ஏறியது. ஓப்பல் ஐஸ்பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள், உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. வெர்னா வீட்டு வாசலில் நின்ற நாய் இவர்களைப் பார்த்துக் குரைக்கவில்லை. காட்டைப் பார்த்துத்தான் நின்றது.

எஞ்சினை அணைத்தாள். எல்லோரும் காது கொடுத்தார்கள்.

ஒன்றுமில்லை.

"நின்னுடுச்சா?" என்றாள் ஓப்பல். "அண்ணி, நின்னுடுச்சா?"

ரோவீனா சட்டைப் பையில் துழாவினாள். ஒரே ஒரு கால் டாலர் இருந்தது. "காசு குடுங்க! யாராவது ஒரு காசு குடுங்களேன்!" ஹர்ஷல் ஒன்றை நீட்டினான். அவள் தட்டினாள். விடாமல் மூன்று, நிறுத்தி ஒன்று. அம்மா சாப்பிடக் கூப்பிடுகிறாள், வா என்பதற்கு அந்தக் காலத்தில் அவர்கள் வைத்திருந்த அடையாளம் அது. கை வியர்த்துக் காசு வழுக்கியது. மறுபடி தட்டினாள். மூன்று, ஒன்று.

காட்டுக்குள்ளிருந்து பதில் வந்தது. மெதுவாக, இடறி இடறி. மூன்று. நெடு நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் ஒன்று.

முள்ளும் கொடியும் கிழிக்கக் கிழிக்க ஓடினார்கள். நாய் முன்னால் ஓடியது. வெர்னாவின் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம்கூட இல்லை, ஆனால் கொடி அடைத்த பள்ளம். காற்றில் சாய்ந்துபோன ஒரு பெரிய பீச் மரம், அது விழுந்ததால் மேலே திறந்த வானம், நேரே கொட்டும் வெயில். அடிமரத்தில் சாய்ந்தபடி எல்பர்ட் உட்கார்ந்திருந்தான். தலையில் தொப்பி இல்லை. முகம் வெந்து சிவந்திருந்தது. உதடு வெடித்துக் கருத்துப்போயிருந்தது. பக்கத்தில் ஷாட்கன்னும் காலித் தோட்டாக்களும். இரண்டு காசும் இன்னும் அவன் விரல்களில்தான் இருந்தன, விரல் நுனியெல்லாம் ரத்தம்.

ஓப்பல் அழவில்லை, கூப்பிடக்கூட இல்லை. ஐஸ்பெட்டியைத் திறந்தாள், மருந்தை ஊசியில் ஏற்றினாள், அவன் சட்டையைத் தூக்கி வயிற்றில் குத்தினாள். அதுவரைக்கும் அவள் கை ஒரு துளி நடுங்கவில்லை. ஊசியை எடுத்த பிறகுதான் அவன் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள்.

லெஸ்டர் துணியைத் தண்ணீரில் நனைத்து உதட்டில் வைத்தான். எல்பர்ட் அதைச் சப்பினான். அவனுடைய நாடியைப் பிடித்துப் பார்த்த ரோவீனாவுக்கு அது வேகமாக, ஆனால் விடாமல் ஓடுவது தெரிந்தது. இருக்கிறான். என் தம்பி இருக்கிறான்.

"யாரு?" என்றான் எல்பர்ட். குரலே இல்லை, காற்றுதான் வந்தது.

"நான்தான்டா. அக்கா."

"ஹர்ஷல் முழிச்சிட்டானா?"

அவனுக்கு நேர் எதிரில்தான் ஹர்ஷல் நின்றுகொண்டிருந்தான். கை நீட்டினால் தொடலாம்.

"முழிச்சிட்டான்," என்றாள் ரோவீனா.

"யாருகிட்டயும் சொல்லிடாதக்கா. அவன் சத்தியம் பண்ணியிருக்கான், பாவம். அவன் என் கூடத்தான் இருந்தான்னு சொல்லிடு."

ஹர்ஷல் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டான். பிறகு தன் இடுப்பில் செருகி வைத்திருந்த அந்தத் தொப்பியை, நேற்று தன் முகத்தின்மேல் கவிழ்த்திருந்த அதே தொப்பியை, குனிந்து எல்பர்ட்டின் தலையில் வைத்தான். வைத்துவிட்டு அவனைத் தூக்க முதுகைக் காட்டி உட்கார்ந்தான்.

எல்பர்ட் தொப்பியைத் தடவிப் பார்த்தான். அதைப் பின்னால் தள்ளிக்கொண்டு முகத்தை மேலே தூக்கினான்.

"ராத்திரி ரொம்ப நீளமா இருக்குக்கா," என்றான். "விடிஞ்சா அணிலெல்லாம் வெளியில வரும், சுடறவங்க யாராவது வருவாங்கன்னு உக்காந்திருக்கேன். வெயில்கூடச் சுடுது. ஆனா விடியவே மாட்டேங்குதே."

 வெயில் நேராக அவன் திறந்த கண்களில் விழுந்துகொண்டிருந்தது. அவன் இமைக்கவே இல்லை.